உதவித் தொகை: பெறுவது பாதி, காப்பது பாதி

கல்லூரியில் இடம் கிடைப்பது ஒரு பாக்கியம். அந்தப் படிப்புக்கு உதவித் தொகையும் கிடைத்துவிட்டால் அது இரட்டைப் பாக்கியம். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இறைவனுக்கு நன்றி கூறி, அண்டை வீட்டாருக்கும் உற்றார் உறவினருக்கும் இனிப்பு வழங்கி, 'இனிப் படிப்புச் செலவைப் பற்றிக் கவலையில்லை' என்று நிம்மதி அடையும் குடும்பங்கள் பல.

ஆனால் அந்த நிம்மதி சற்று அவசரமானது. கல்வி உதவித் தொகை என்பது ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோகும் அன்பளிப்பு அன்று. 'கொடுத்தோமே, படிக்கிறாரா?' என்று கொடுத்தவர் பருவந்தோறும் அல்லது ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்கிறார். படிப்பில் முன்னேற்றம் இருந்தால் உதவி தொடரும், இல்லையேல் நின்றுவிடும். உதவியைப் பெறுவதற்கு எத்தனை படிவங்கள், எத்தனை சான்றிதழ்கள், எத்தனை அலைச்சல்! அத்தனை பாடுபட்டுப் பெற்ற ஒன்றை, அதைக் காக்கும் விதி இன்னதென்று தெரியாத காரணத்தால் இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

இந்த விதிகளை விரிவாக எழுதி வைத்திருக்கும் நாடுகளுள் அமெரிக்கா முக்கியமானது. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல அங்கே குடியேறியிருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் அந்நாட்டுக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களுக்கு இவ்விதிகள் அன்றாடத் தேவை. இங்கே இருக்கும் நமக்கோ, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் என்ற முறையிலும், உதவி வழங்கும் அறக்கட்டளையினர் என்ற முறையிலும் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. எனவே முதலில் அமெரிக்க விதிகளைப் பார்ப்போம். பின்னர் நம் நாட்டுக்கு வருவோம்.

சட்டம் பிறந்த கதை

1965 நவம்பர் 8ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உயர் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தலைநகரை விட்டு, டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்னும் ஊரில், தாம் படித்த கல்லூரிக்கே சென்று அதைச் செய்தார். வேலை பார்த்துக்கொண்டே அங்குப் படித்தவர் அவர். வறுமை காரணமாக ஒருவர் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் போகக்கூடாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம்.

1972இல் ஏழை மாணவர்களுக்கான அடிப்படை மானியம் இதனுடன் சேர்க்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரால் 1980 முதல் அது 'பெல் கிராண்ட்' என்று வழங்கப்படுகிறது. 2025-26 கல்வியாண்டில் ஒரு மாணவருக்கு இதன் உச்ச அளவு 7,395 டாலர். இது கடன் அன்று, வட்டியும் இல்லை. விதிப்படி படித்து வருபவர் திருப்பிச் செலுத்த வேண்டியதும் இல்லை. ஒரு மாணவர் தம் வாழ்நாளில் முழுநேரப் படிப்பின் கணக்கில் 12 பருவங்கள் வரை இதைப் பெறலாம்.

இந்த மானியத்துக்கும், அரசு வழங்கும் ஏனைய கல்விக் கடன்களுக்கும், கல்லூரி வளாகத்தில் வேலை செய்து ஊதியம் பெறும் திட்டத்துக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. மாணவர் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' காட்ட வேண்டும் என்பதே அது. நடுவண் அரசு எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென விதிகளை எழுதி வெளியிடுகிறது. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடுகள் இருக்கும். இப்போதுள்ள விதிகள் 2010இல் திருத்தி எழுதப்பட்டு, 2011 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தவை.

மூன்று அளவுகோல்கள்

முன்னேற்றம் மூன்று அளவுகோல்களால் அளக்கப்படுகிறது.

முதலாவது, தரம். ஏ என்றால் 4 புள்ளி, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, எஃப் என்றால் தோல்வி, புள்ளி எதுவும் இல்லை. இவற்றின் சராசரியே ஜி.பி.ஏ. எனப்படுவது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட படிப்பில், இரண்டாம் ஆண்டின் முடிவில் மாணவரின் சராசரி குறைந்தது 'சி' ஆக, அதாவது 2.0 ஆக இருக்க வேண்டும். அல்லது பட்டம் பெறுவதற்கு அக்கல்லூரி கேட்கும் நிலையை ஒத்திருக்க வேண்டும். தொடக்கம் முதலே 2.0 கேட்கும் கல்லூரிகளும் பல.

இரண்டாவது, வேகம். எத்தனை கிரெடிட்டுகளுக்குப் பதிவு செய்துகொண்டார், அவற்றுள் எத்தனையை வெற்றிகரமாக முடித்தார் என்ற விகிதம் இது. பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 விழுக்காடு முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, காலவரம்பு. படிப்புக்கென அறிவிக்கப்பட்ட அளவைப் போல் ஒன்றரை மடங்குக்குள் முடித்தாக வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட் தேவையென்றால், 180 கிரெடிட்டுகளுக்குள் பட்டம் கைக்கு வந்துவிட வேண்டும். அந்த எல்லைக்குள் முடிக்க இயலாது என்று கணக்கில் தெரிந்துவிட்டால், எல்லையைத் தொடுவதற்கு முன்பே உதவி நின்றுவிடும்.

இரண்டாம் அளவுகோல் மூன்றாவதிலிருந்து பிறந்ததே. 180இல் 120 என்பது மூன்றில் இரண்டு பங்கு அல்லவா? அந்த வேகத்துக்குக் குறையாமல் நடந்தால்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி முதல் பருவத்தில் 15 கிரெடிட் எடுத்து 12ஐ முடிக்கிறாள். வேகம் 80 விழுக்காடு, அச்சமில்லை. இரண்டாம் பருவத்தில் மீண்டும் 15 எடுக்கிறாள். வீட்டில் ஏதோ நெருக்கடி. 6 மட்டுமே முடிகிறது. இப்போது மொத்தம் 30க்கு 18. அதாவது 60 விழுக்காடு. எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டாள்.

மூன்றாம் பருவத்தில் 12 மட்டும் எடுத்து 12ஐயும் முடித்தால் 42க்கு 30 ஆகிறது. அது 71 விழுக்காடு. மீண்டுவிட்டாள்! ஆக, ஒரு பருவத்துச் சறுக்கல் ஒரு பருவத்து உழைப்பால் ஈடு செய்யக்கூடியதே. சரிந்ததை எண்ணிக் கலங்கி, இழந்ததைப் பிடிக்கும் ஆவேசத்தில் ஒரே பருவத்தில் 18 கிரெடிட்டுகளைச் சுமந்துகொள்வதுதான் ஆபத்து.

தரத்துக்கும் ஒரு கணக்கு. மூன்று கிரெடிட் கொண்ட ஐந்து பாடங்களில் ஒரு பி, மூன்று சி, ஓர் எஃப் என்றால் சராசரி 1.8. இது 2.0க்குக் கீழே. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த அந்தப் பாடத்திலிருந்து, உரிய தேதிக்குள் முறைப்படி விலகியிருந்தால் அது சராசரியில் சேராது. மீதி நான்குக்கு 2.25 வரும். ஆனால் விலகிய பாடம் 'எடுத்தது, முடிக்கவில்லை' என்று வேகக் கணக்கில் ஏறிவிடும். ஒன்றைக் காக்க மற்றொன்றில் விலை கொடுக்கிறோம் என்பதை உணர்ந்து செய்ய வேண்டிய முடிவு இது. அதற்காகவே ஒவ்வொரு கல்லூரியிலும் ஆலோசகரும் நிதியுதவி அலுவலகமும் இருக்கின்றன. பெயரை நீக்கும் முன் அவர்களைக் கேட்பது அறிவுடைமை.

அறியாமல் விழும் பள்ளங்கள்

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் விழுந்துவிடும் பள்ளங்கள் சில உள்ளன.

தோல்வி, விலகல், 'நிறைவு பெறவில்லை' என்று நிறுத்தி வைக்கப்பட்ட பாடம் ஆகிய மூன்றும் வேகத்தைக் குறைக்கும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரெடிட்டுகள், எடுத்தவை, முடித்தவை ஆகிய இரு கணக்குகளிலும் சேர்கின்றன. ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண் உயர்த்துவதற்காக மீண்டும் படித்தால், ஒரே ஒருமுறைதான் அதற்கு உதவி கிடைக்கும். அடிக்கடி பாடப் பிரிவை மாற்றிக்கொள்ளும் மாணவர், வேகமும் தரமும் குறையாத நிலையிலும் காலவரம்பில் சிக்கிக்கொள்ளக் கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம், சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரியை விட்டுப் போவது. ஊரில் வாப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வருகிறது. மகன் அன்றிரவே விமானம் ஏறுகிறான். பெற்றவருக்குப் பணிவிடை செய்யப் புறப்பட்ட அவனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் கல்லூரிக்கு ஒரு கடிதமும் இல்லை. திரும்பி வரும்போது ஐந்து பாடங்களிலும் எஃப். தரமும் போயிற்று, வேகமும் போயிற்று.

அத்துடன் முடிவதில்லை. ஒரு பருவத்தில் எல்லாப் பாடங்களையும் கைவிட்டு ஒருவர் வெளியேறினால், எவ்வளவு நாள் இருந்தாரோ அந்த அளவுக்கே உதவிப் பணம் அவருக்கு உரியதாகும். பருவத்தின் 30 விழுக்காட்டில் வெளியேறினால் 30 விழுக்காட்டுப் பணமே அவருடையது. மீதி திருப்பித் தரப்பட வேண்டும். 60 விழுக்காட்டைக் கடந்துவிட்டால் முழுப் பணமும் அவருக்கு உரியது. ஆகவே, ஊருக்குப் புறப்படும் மாணவன், இயன்றால் அந்த 60 விழுக்காட்டு நாளை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இயலாவிடில், விடுப்புக்கும் முறையான விலகலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். அவசரத்தில் நேரில் போக முடியாதெனில், ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிவிட்டுப் புறப்பட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, பயணச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அவை பின்னர் எவ்வளவு உதவும் என்பதை அடுத்துக் காண்போம்.

குடும்ப நிகழ்ச்சிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். பருவத்தின் நடுவில் திருமணத் தேதி வைத்து, மாணவனையோ மாணவியையோ மூன்று வாரம் ஊருக்கு அழைப்பது, நாம் அறியாமலேயே அவர்களின் உதவித் தொகையைப் பணயம் வைப்பதாகும். அதுபோலவே, ரமளான் பருவத்தின் நடுவில் வரும் ஆண்டுகளில் நோன்பு, தராவீஹ், தேர்வு மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பாடங்களின் எண்ணிக்கையை அமைத்துக்கொள்வது நல்லது. 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்ற தகுதி கிடைத்துவிடும்.

எச்சரிக்கையும் மேல்முறையீடும்

எல்லைக்குக் கீழே இறங்கினால் உடனே கதவு அடைக்கப்பட்டுவிடுமா? இல்லை. இவ்விதிகளின் சிறப்பே இங்குதான் இருக்கிறது.

பருவந்தோறும் முன்னேற்றத்தைச் சரிபார்க்கும் கல்லூரிகள், முதல்முறை சறுக்கும் மாணவரை 'எச்சரிக்கை' நிலையில் வைக்கலாம். அந்த ஒரு பருவத்துக்கு உதவி தொடர்கிறது; விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. அதற்குள் அவர் நிமிர்ந்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சரிபார்க்கும் கல்லூரியில் இந்தச் சலுகை கிடையாது. தம் கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மாணவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

எச்சரிக்கைக்குப் பின்னும் தேறாவிட்டால் உதவி நிற்கும். அப்போதும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு தனிப்பட்ட நெருக்கடி ஆகியவை விதியிலேயே எழுதப்பட்ட காரணங்கள். மாணவர் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஏன் முன்னேற முடியவில்லை? இப்போது என்ன மாறியிருக்கிறது?

முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுவோர் உண்டு. 'வாப்பா மருத்துவமனையில் இருந்தார்' என்பது முதல் விடை. 'இப்போது தேறி வீடு திரும்பிவிட்டார். கடையை என் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் இந்தப் பருவத்தில் நான்கு பாடங்கள் மட்டும் எடுத்திருக்கிறேன். கணிதத்துக்கு வாரம் இருமுறை உதவி வகுப்புக்குச் செல்கிறேன்' என்பது இரண்டாம் விடை. கொடுப்பவரின் மனத்தில் நம்பிக்கையை விதைப்பது இந்த இரண்டாம் விடைதான். உடன், மருத்துவச் சான்றோ இறப்புச் சான்றோ இணைக்கப்பட வேண்டும். கண்ணீரைக் காட்டிலும் காகிதம் பேசும். 'பாடம் கடினமாக இருந்தது' என்பது மட்டும் காரணமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

முறையீடு ஏற்கப்பட்டால் மாணவர் 'கண்காணிப்பு' நிலையில் வைக்கப்பட்டு ஒரு பருவத்துக்கு உதவி பெறுவார். ஒரே பருவத்தில் எல்லையைத் தொட இயலாதவருக்கு, எந்தப் பருவத்தில் எதை முடிக்க வேண்டும் என்று கல்வித் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுப்பார்கள். அதன்படி நடக்கும் வரை உதவி தொடரும். முறையீடு மறுக்கப்பட்டாலும் வழி அடைபடுவதில்லை. சொந்தச் செலவில் சில பாடங்களை முடித்து, அளவுகோல்களை எட்டிவிட்டால் மீண்டும் தகுதி பெறலாம். ஒரு பருவம் சும்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. காலம் கடப்பதால் மட்டும் கணக்கு மாறாது.

வட்டியின் வாசல்

உதவி நின்றுபோனால் என்ன நேரும்? மானியம் மட்டுமன்றி அரசு தரும் கல்விக் கடனும் நின்றுவிடும். அந்தக் கடனும் வட்டியுடன் கூடியதே. 2025-26இல் இளநிலை மாணவர்களுக்கு அதன் வட்டி 6.39 விழுக்காடு. அதுவும் இல்லையென்றால் எஞ்சுவது தனியார் வங்கிக் கடன் அல்லது படிப்பை நிறுத்துவது.

வட்டியை மார்க்கம் எவ்வளவு வன்மையாகத் தடுத்திருக்கிறது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து விலகி நிற்க விரும்பும் குடும்பத்துக்கு, வட்டியில்லாமல் வரும் மானியம் ஓர் அரண் போன்றது. மகன் ஒரு பாடத்தில் கவனக்குறைவாக இருப்பது வெறும் மதிப்பெண் பிரச்சினை அன்று. அந்த அரணில் ஒரு கல் பெயர்கிறது என்பதை வீட்டார் அனைவரும் உணர வேண்டும்.

விசாவில் சென்ற பிள்ளைகள்

மேற்கூறிய அரசு உதவிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும், நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றோருக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் உரியவை. தமிழகத்திலிருந்து மாணவர் விசாவில் செல்பவர்களுக்கு அவை கிடைக்கா. அவர்கள் பெறுவது பெரும்பாலும் பல்கலைக்கழகமே வழங்கும் உதவித்தொகையும், ஆசிரியருக்குத் துணையாகவோ ஆய்வுக்குத் துணையாகவோ பணியாற்றிப் பெறும் உதவி ஊதியமுமே.

அவற்றுக்கும் நிபந்தனை உண்டு. மேற்பட்டப் படிப்பில் சராசரி 3.0க்குக் குறையக்கூடாது என்பது பரவலான விதி. அத்துடன், விசா விதிப்படி அவர்கள் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியின்றிப் பாடத்தைக் குறைத்தால், உதவியுடன் விசாவும் ஆட்டம் காணும். ஆகவே இவர்கள் ஒரு பாடத்தைக் கைவிடும் முன் இரண்டு அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு கதவு

இத்தனை விதிகளையும் தெரிந்துகொண்ட பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. பின் ஏன் பிள்ளைகள் உதவியை இழக்கிறார்கள்? பல நேரங்களில் காரணம் ஒன்றே: வீட்டில் சொல்லப் பயம்.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருக்கே உரியது. நம் பள்ளிகளில் போல் மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பம் கேட்கும் வழக்கம் அங்கு இல்லை. ஆகவே எச்சரிக்கைக் கடிதம் பிள்ளைக்கு மட்டுமே வருகிறது. அதை அவன் பெற்றோரிடம் காட்டுவதும் மறைப்பதும், நாம் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

'உன் பெரியம்மா மகன் டாக்டராகிவிட்டான். நீ ஏன் இப்படி?' என்று கேட்டுப் பழகிய வீட்டில் எந்தப் பிள்ளையும் 'வாப்பா, எனக்கு எஃப் வந்துவிட்டது' என்று வாய் திறக்கமாட்டான். அடுத்த பருவத்தில் சரிசெய்துவிடலாம் என்று மறைப்பான். எச்சரிக்கைப் பருவம் கழிந்துவிடும். முறையீட்டுக் கெடு தீர்ந்துவிடும். பின் கட்டணப் பாக்கி வரும்போதுதான் வீட்டுக்கு உண்மை தெரியும். அப்போது குடும்ப மானம் கூடுதலாகத்தான் போகிறது, குறைவாக அல்ல.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. மதிப்பெண் குறைந்தது என்று தெரிந்தால் 'படித்தது போதும், நிக்காஹ் முடித்துவிடலாம்' என்ற பேச்சு எழுந்துவிடுமோ என்று அஞ்சும் மகள், உதவி கேட்க வேண்டிய நேரத்தில் மௌனமாகிவிடுகிறாள். தவறி விழுந்ததற்குத் தண்டனையாகப் படிப்பையே பறிப்பது நீதி ஆகாது. ஓர் அரசாங்க அலுவலகம் தருகின்ற இரண்டாம் வாய்ப்பைப் பெற்றவர்கள் தரக்கூடாதா?

நம் நாட்டில்

நம் நாட்டிலும் உதவித் தொகைகளுக்குப் புதுப்பிப்பு விதிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத மாணவர்களுக்கு நடுவண் அரசின் கல்வி அமைச்சகம் உதவித் தொகை வழங்குகிறது. ஆண்டுதோறும் 82,000 புதிய மாணவர்களுக்கான திட்டம் இது; பாதி மாணவியருக்கு உரியது. இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். இதைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்ணும், 75 விழுக்காடு வருகையும் வேண்டும். பகடிவதைக் குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. இங்கே 'வருகை' என்ற புதிய அளவுகோல் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் 80 விழுக்காடு இருந்தும், வருகை 70 விழுக்காடாக இருந்தால் விதிப்படி தகுதி போய்விடும்.

சிறுபான்மையினருக்கென 2007-08இல் தொடங்கப்பட்ட, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித் திட்டத்திலும், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் என்ற விதி இருந்தது. திட்டங்கள் வரலாம், மாறலாம், நிற்கலாம். ஆனால் 'படித்துக் காட்டு' என்ற நிபந்தனை எல்லாவற்றிலும் இருக்கும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை ஆண்டுதோறும் மாணவரே அளிக்க வேண்டும். சென்ற ஆண்டு வந்த பணம் இந்த ஆண்டும் தானாக வரும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். நல்ல மதிப்பெண் எடுத்தும் விண்ணப்பிக்க மறந்து உதவியை இழப்பதைவிட வருத்தத்துக்குரியது வேறென்ன?

நம் அறக்கட்டளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

கல்விக்குக் கொடுப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தது சமுதாய வள்ளல்களின் கொடையால்தான். இன்றும் ஊர்தோறும் ஜமாஅத்துகளும், அறக்கட்டளைகளும், வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களின் சங்கங்களும் ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் செலுத்தி வருகின்றன. அல்லாஹ் அவர்களின் கொடையை ஏற்றுக்கொள்வானாக!

அவர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்கலாம். நாம் கொடுத்த மாணவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்க்கிறோமா? சில இடங்களில் முதலாண்டுக் காசோலையுடன் தொடர்பு முடிந்துவிடுகிறது. வேறு சில இடங்களில் ஒரு பாடத்தில் தோற்றதும், காரணம் கேளாமல், பெயர் அடிக்கப்பட்டுவிடுகிறது. முன்னது அமானிதத்தில் அலட்சியம், பின்னது இரக்கமின்மை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைச் சிறு அறக்கட்டளையும் பின்பற்ற முடியும். உதவி கொடுக்கும் நாளிலேயே நிபந்தனையை எளிய தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பருவந்தோறும் மதிப்பெண் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் சறுக்கலுக்கு எச்சரிக்கை. உதவியோ தொடர வேண்டும். இரண்டாம் சறுக்கலுக்கு மாணவரையும் பெற்றோரையும் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். நோயோ மரணமோ வறுமையோ காரணமென்றால் அவகாசம் தர வேண்டும். பாடம் கடினமென்றால், அவ்வூரில் படித்து முடித்த ஒருவரை அவருக்குத் துணையாக அமர்த்த வேண்டும். அதன் பின்னும் அக்கறை காட்டாதவருக்கு நிறுத்துவதில் தவறில்லை; காத்திருக்கும் மற்றோர் ஏழை மாணவரின் பங்கு அது.

கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தரச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்துகொள்ளச் சொல்லும் மார்க்கமும் அதுவே. கண்டிப்பும் கருணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இவ்விரு கட்டளைகளும் அருகருகே நின்று உணர்த்துகின்றன. உதவித் தொகையின் விதிகளையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும், ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவரின் உழைப்பிலிருந்து வருகிறது. அது ஓர் அமானிதம். அதைப் பெறும் நாளிலேயே, அதைக் காக்கும் விதி எழுதப்பட்ட தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். கால் சறுக்கினால், அன்றைக்கே ஆசிரியரிடமும் அலுவலகத்திலும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பெற்றோரே! பிள்ளை அப்படிச் சொல்ல வரும்போது, முதலில் அமர வைத்து ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். கேள்விகள் பிறகு இருக்கட்டும்.

பயனுள்ள கல்வியையும், பெற்றதைக் காக்கும் பொறுப்புணர்வையும் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.